பேர் வெட்டு

வட்டவளை,
12.10.1961

அன்புள்ள பூரணி அக்காவுக்கு,

நீயும் மச்சானும் குழந்தையும் நலமாயிருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே ஒரே மழை. நான் நலம் என்று எழுதிவிட்டு, எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கண்டிக்குப் போய் வந்ததிலிருந்து இப்படித்தான், ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அம்மாவின் வலது கை மோசமாகிவிட்டது. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தே கிடக்கின்றன. தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறார். கொழுந்து கிள்ளுவது விரலுக்கே தெரிவதில்லை, முத்தல் இலையும் சேர்ந்து வருகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சோலைமலைக் கங்காணி எல்லார் முன்னாலும், "என்னக்கா, மாட்டுக்கா புல்லறுக்குறீங்க?" என்றாராம். தோட்டத்து மருந்தையா, வாதம் என்று தைலம்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சிங்களவர், பொறுமையானவர். மணிக்கட்டை மடக்கிப் பிடித்தபடி எந்த விரல் மரக்கிறது என்று கேட்டார். மணிக்கட்டில் நரம்பின் மேல் ஒரு பட்டை இறுகிக் கிடக்கிறதாம். அதை அறுத்துவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்குமாம். தள்ளிப்போட்டால் பெருவிரலின் அடிச்சதை வற்றிவிடும், பிறகு அறுத்தும் பெரிய பயனில்லை என்றார். அம்மாவுக்கும் புரியட்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில், "வெட்டணும் அம்மா, வெட்டணும்" என்றார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

ரயிலில் வரும் வழியெல்லாம், கை போகாது, சின்னக் கீறல்தான் என்று விளக்கிக்கொண்டே வந்தேன். நாவலப்பிட்டி தாண்டியதும் அம்மா திரும்பி, "ஏன்டி கையப் பத்தியே பேசுற? கைய வெட்டுனா கட்டுப் போட்டுக்கலாம். செக்ரோல்ல பேர வெட்டுனா எங்கடி கட்டுப் போடுறது?" என்றார்.

அப்பா போன பிறகு நம் வீட்டிலிருந்து தோட்டத்து ஆள் கணக்குப் புத்தகத்தில் இருப்பது அம்மாவின் அந்த ஒரு பேர்தான். வாரக்கணக்கில் வேலைக்குப் போகாவிட்டால் அதை வெட்டிவிடுவார்கள். அது போனால் குடியிருக்கும் இந்த லயத்துக் காம்பராவும் போகும்.

நேற்று கங்காணியைப் போய்ப் பார்த்தேன். "ஒங்கம்மா கை ஆறுற வரைக்கும் வீட்டுலருந்து ஒரு ஆளு கூடையத் தூக்குனா பேரு நிக்கும். தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா ஒங்க வீட்டுல யாரு இருக்கா, பேனா புடிக்கிற நீதானே?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மாவிடம், தோட்டத்தில் லீவு கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டார். இம்மாதக் கடைசித் திங்கட்கிழமை அறுக்கிறார்கள். நீ முந்தின நாளே கண்டிக்கு வந்துவிடு. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை நேராக டயகமவுக்கு, உன் வீட்டுக்கே கூட்டிப்போ. பேரன் தேடுகிறான் என்றால் மறுக்கமாட்டார். தையல் பிரித்து, கையில் பிடி திரும்பும்வரை இங்கே அனுப்பாதே. என் தலையில் கூடைக் கயிற்றைக் கண்டால் கட்டுப்போட்ட கையோடு மலைக்கு ஏறிவிடுவார். உனக்குத் தெரியாதா அவரை?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எப்போது புறப்படுகிறேன் என்று மச்சான் கேட்டிருந்தார். தை மாதம் இல்லை என்று மட்டும் சொல். என் இடத்தை அடுத்த வருடம்வரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா காதில் இது விழ வேண்டாம்.

நீ வருவாய் என்று நம்பித்தான் கங்காணியிடம் சரி என்று சொன்னேன், அக்கா. அங்கே அம்மா என்னைப் பற்றிக் கேட்டால், எப்போதும் போலப் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறாள் என்று சொல்.

உன் பிரியமுள்ள தங்கை,
நாகலெட்சுமி