மொமோவின் ஊரில் முதலில் மூட்டிய அடுப்பு

என்னங்க, எங்கே இருந்தாலும், சாப்பிட்டீங்களா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. நான் நல்லா இருக்கேன்.

மொமோ வந்திருந்தாருங்க. கப்பலில் நீங்க சமையல்கட்டிலும் அவர் இஞ்சின் அறையிலுமாக ஒன்றாக வேலை பார்த்தீங்களே, அந்த சியரா லியோன்காரர். கப்பல் யாங்கோன் வந்ததும் விலாசம் விசாரித்துக்கொண்டு தாகேதாவில் நம் சந்து வரைக்கும் வந்துவிட்டார். நீங்க இல்லை என்பதை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. உங்க படத்துக்கு முன்னால் நின்று, "என் அண்ணன்" என்றார்.

"அடக்கம் எப்படி நடந்தது?" என்று கேட்டார். டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற இங்கிலீஷில் சொன்னேன். கொரோனாவில் நீங்க போனதை, வெள்ளை உடுப்புக்காரர்கள் வண்டியில் ஏற்றிப்போனதை, வாய்க்கரிசிகூடப் போட முடியாததை. உங்களுக்காக ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிவந்த பக்கத்து வீட்டு டோ சானின் மகன் கோ மின், அவனும் பின்னாலேயே போய்விட்டதை. கப்பல்காரர்தான் நோயைக் கொண்டுவந்தார் என்று சந்தே பேசியது. டோ சான் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் சொன்னேன்.

"எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்றார் மொமோ.

எபோலா வந்தபோது அவருடைய அம்மாவைக் குளிப்பாட்டி அடக்கம்செய்ய விடவில்லையாம். தொட்டவருக்கும் சாவு. நோய் வந்த வீட்டின் பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் எரித்துவிட்டார்களாம். பிழைத்து வந்தவர்களிடம் சந்தையில் யாரும் மீன்கூட வாங்கவில்லை. எல்லாம் அடங்கியபோது தெருவில் எத்தனையோ வீடுகள் பூட்டிக்கிடந்தனவாம்.

"அப்புறம் எப்படி எழுந்தீங்க?"

"முதலில் அழுதோம். எல்லோரும் சேர்ந்து. அதுவரை யாரையும் அழ விடவில்லையே."

தெரு நடுவே அடுப்பு மூட்டி, சோறும் காராமணியும் ஆக்கி, போனவர்கள் ஒவ்வொருவர் பேரையும் உரக்கச் சொன்னார்களாம். அவர்களுக்கென்று ஒரு பங்கும் எடுத்துவைத்தார்களாம். முதலில் நோய் வந்தது உன் வீட்டில்தான் என்று ஒரு அம்மாவை ஊரே ஒதுக்கியிருந்ததாம். அந்த அம்மாவின் கையில்தான் அகப்பையைக் கொடுத்தார்களாம்! அவள் பரிமாற, எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்களாம்.

மறுநாளே பெண்கள் கூடி வீட்டுக்கு வீடு மெத்தை தைக்க உட்கார்ந்தார்கள். நோயில் பிழைத்தவர்கள், பெற்றவர்களை இழந்த பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பின்னொரு மழையில் மலை சரிந்து வீடுகளை மூடியபோது, "யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவரவர் வேலை அவரவருக்குத் தெரிந்திருந்தது" என்றார். அத்தனை இழந்தவர்களுக்கு அந்த மனசு எங்கிருந்துங்க வந்திருக்கும்?

அவர் கப்பலுக்குத் திரும்பிய மறுநாள் காலையில் டோ சான் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அமா," என்றேன், பழையபடி அக்கா முறை வைத்து. "ஞாயிற்றுக்கிழமை சந்தில் வைத்துச் சமைக்கப்போறேன். என் வீட்டுக்காரருக்கும் கோ மினுக்கும் சேர்த்து. நீங்க வராட்டியும் அவன் பேரைச் சொல்வேன்."

கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சாத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பிறகு மெதுவாக, "அவனுக்குக் காரம் ஆகாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே வெங்காயம் உரிக்க வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. பர்மாக்காரர்களும் நம்மவர்களுமாக வந்து அவரவர் வீட்டில் போனவர்களின் பேரைச் சொன்னார்கள். நம் சந்தில் இத்தனை பேரா? இத்தனை நாள் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தோம்? கோ மின் பேரைச் சொல்லிவிட்டேன். உங்க பேரைச் சொல்ல வந்தபோது எனக்குக் குரல் வரவில்லை. டோ சான்தான், அவர்கள் வழக்கப்படி 'கோ' என்று மரியாதை வைத்துச் சொன்னாள், சந்துக்கே கேட்கிற மாதிரி: "கோ முருகேஸ்!"

இப்போது சந்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முறைவைத்துப் போய்ப் பார்க்கிறோம். ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டேயில் டோ சானின் தங்கை வீட்டுக்குள் வாய்க்கால் தண்ணீர் புகுந்து சுவர் விழுந்துவிட்டதாம். நாளைக் காலை நாங்கள் சில பெண்கள் மண்வெட்டியோடு படகேறுகிறோம். அந்தச் சுவர் எழும்பாமல் நான் திரும்பமாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு இனி உட்காரவும் மாட்டேன். இது உங்கமேல் சத்தியம்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
மரகதம்