ஊசி போட்டதாகச் சொன்ன பொய்

இன்று காலை கிளினிக்கிலிருந்து குடும்பநல மிஸ் வீட்டுக்கு வந்து, மகளின் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். தடுப்பூசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. “தனியாரிலை போட்டிட்டம், மிஸ்,” என்றார் என் கணவர். அவர் குரலில் அப்பாவைக் கேட்டேன்.

நீயும் நானும் இரட்டைச் சகோதரிகள். நீ பிறக்கும்போதே மெலிவு. “இவள் நோஞ்சான், ஊசி தாங்கமாட்டாள். கொஞ்சம் தேறட்டும்,” என்று ஒவ்வொரு கிளினிக் நாளும் அப்பா தடுத்தார். அம்மா என்னை மட்டும் தூக்கிப்போனார். நீ தேறினாய். நம்மூர் வட்டக்கச்சி வாய்க்காலில் என்னை முந்தி நீந்தினாய். “உனக்குத்தான் குத்தினவை, எனக்கில்லை,” என்று பீற்றவும் செய்தாய். அப்பாவுக்குத்தான் ஊசி மறந்துபோனது.

ஆறு வயதில் நம் இருவருக்கும் தொண்டை நொந்தது. ஒரே பாயில் படுத்தோம், ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தோம். எனக்கு இரண்டு நாளில் மாறிச் சுகமானது. உனக்குக் குரல் கம்மி, காய்ச்சலும் ஏறியது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்று டொக்டர் கேட்டார்: “பிள்ளைக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டதோ?”

“ஓம், எல்லாம் போட்டனாங்கள்,” என்றார் அப்பா.

அம்மா தரையைப் பார்த்தார். எனக்கும் உண்மை தெரியும். அப்பாவின் கையைப் பிடித்தபடி வாய்மூடி நின்றேன். டொக்டர் சாதாரணத் தொண்டை நோவென்று மருந்து எழுதினார்.

மறுநாள் உன் கழுத்து வீங்கிவிட்டது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. அப்போதுதான் அம்மா கத்தினார்: “ஒண்டும் போடேல்லை டொக்டர்! இவர் பொய் சொல்லிப்போட்டார்!” தொண்டைக்கரப்பன், டிப்தீரியா என்றார்கள். அதற்குரிய மருந்து வவுனியாவிலிருந்து வரவேண்டும். வருவதற்குள் நீ திணறித் திணறி அடங்கிவிட்டாய்.

செத்தவீட்டில் அப்பா “விதி” என்றார். விதியாம்! என்னைக் காப்பாற்றிய ஊசி அதே கிளினிக்கில்தான் இருந்தது.

இன்று நான் வாய்மூடவில்லை. “பொய், மிஸ். போடேல்லை. இப்பவே பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவாறன்,” என்றேன். கணவரின் முகம் கறுத்தது. “இந்தக் காலத்திலை ஆருக்குத் தொண்டைக்கரப்பன் வருகுது? போனிலை பாக்கேல்லையே, ஊசியாலைதான் பிரச்சினையாம்.”

“வராததுக்குக் காரணமே ஊசிதான். என்ரை சகோதரிக்கு வந்தது. நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்.”

மகளுக்கு ஊசி போட்டாயிற்று. இலேசாகக் காய்ச்சல் காய்கிறது. கணவர் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

அப்பா செத்துப்போய்ச் சில வருடங்கள். அவர்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதில் பாதி, உன் கட்டிலருகே உண்மை தெரிந்தும் பேசாமல் நின்ற அந்த ஆறு வயதுக்காரிமேல். சின்னப்பிள்ளைதானே என்று எல்லோரும் சொல்வார்கள். நீயும் சின்னப்பிள்ளைதான்.