விலாவோடு ஒட்டிய முழங்கை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

உன் தலை ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. எல்லோர் மண்டை ஓடும் ஒலி அலையை உள்ளே விடாது. உன்னுடையது நன்றாக விடுகிறதாம். “உங்க அக்காவுக்கு ரொம்ப நல்ல மண்டைங்க” என்றார் டாக்டர். அம்மா இருந்திருந்தால் அவரிடம் சண்டைக்கே போயிருப்பாள்.

கத்தி கிடையாது, துளை கிடையாது. மொட்டை அடிப்பார்கள். தலை அசையாமலிருக்க ஒரு சட்டத்தை நான்கு திருகால் பொருத்துவார்கள். அது வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். பிறகு குளிர்ந்த நீர் ஓடும் தொப்பியோடு, நான் வேலை பார்க்கும் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் உன்னைத் தள்ளுவார்கள். தொப்பியிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி நாலாபக்கமும் கிளம்பி, உன் வலது கையை ஆட்டி வைக்கிற அந்த ஒரே புள்ளியில் போய்க் கூடும். அங்கே மட்டும் சூடு ஏறும். முதலில் லேசான சூடு. உன்னை வெளியே இழுத்து, கோப்பையைப் பிடி, சுருள் கோடு வரை என்பார்கள். நீ செய்வதைப் பார்த்துத்தான் அடுத்த சூடு. கை நிற்கும்வரை சூட்டை ஏற்றி அந்தப் புள்ளியை ஒரேயடியாக அணைப்பார்கள், நின்றதும் நிறுத்திவிடுவார்கள். கடைசிவரை நீ விழித்தே இருப்பாய்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புள்ளிக்கு ஒட்டினாற்போலத்தான் உதட்டுக்கும் நாக்குக்குமான இடம். நூலிழை பிசகினாலும் வாய் மரக்கும், பேச்சு குழறும். சிலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது.

மார்ச் முதல் வாரம் இடம் இருக்கிறது. வந்துவிடு அக்கா.

உன் தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

படித்தேன். இரண்டு தடவை. மூளையில் சூடு வைக்கப் போகிறார்கள் என்பதை விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி எழுதியிருக்கிறாய்.

போன வாரம் எங்கள் லேபுக்கு ஒரு பெரியவர் ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். நான் ஊசியோடு குனிந்ததும் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “ஏம்மா, வேற யாராவது இருக்காங்களா?” என்றார். கோபமாகக்கூட இல்லை, பாவம் பார்த்துக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. மறுநாளே மேனேஜர் என்னை முன்மேசைக்கு மாற்றிவிட்டார். இப்போது பெயர், வயது, சாப்பிட்டாச்சா, சாப்பிடலையா என்று கேட்டு எழுதுகிறேன். ஒளிந்து ஓடும் நரம்பை விரல் நுனியால் தேடிப் பிடித்தவளடா நான். பச்சைக் குழந்தைக்கும் ஒரே குத்துதான்.

இவ்வளவு காலம் எப்படி ஒப்பேற்றினேன் தெரியுமா? முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நடுக்கம் தோளோடு நின்றுவிடும், விரலுக்கு வராது. கூட வேலை செய்தவளுக்குக்கூடத் தெரியாது. இப்போது அந்த வித்தையும் கைவிட்டுவிட்டது.

வருகிறேன். ஆனால் அந்தக் குழாய் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் என் தலைக்குள் பார்க்கும்போது, தெரிந்தவன் ஒருத்தனாவது வேண்டாமா?

பயமாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

தலையில் முள்முள்ளாக முடி முளைத்துவிட்டது. தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். முதல் பத்து நாள் ரத்தம் எடுக்கும் வேலையை மறுபடி எனக்கே கொடுத்தார்கள். முதல் நாள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் ஒரு காலையில் சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. இப்போது பழையபடி ஆடுகிறது. திரும்பவும் முன்மேசை.

டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “சூடு வச்ச புள்ளி கொஞ்சம் சின்னதா போச்சும்மா. அன்னைக்கு உங்க கை சுத்தமா நின்னுடுச்சு, அதனாலதான் அதோட நிறுத்தினோம்” என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அன்றைக்கு அவர் கோப்பையை நீட்டினாரே, நான் எப்படிப் பிடித்தேன்? நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என் முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது தம்பி. மூச்சையும் பிடித்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. யாராவது என் கையை உற்றுப் பார்த்தாலே உடம்பு அதுவாக அப்படிப் போய்விடுகிறது. சூட்டுக்கு அப்புறம் மிச்சமிருந்த கொஞ்ச நடுக்கத்தை நானே மறைத்து, வைத்தியம் பண்ண வந்தவரையே ஏமாற்றிவிட்டேன். இப்படி ஒரு கூத்து உலகத்தில் எங்காவது நடக்குமா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வித்தை தெரிந்த ஒரே ஆள் நீதான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்தாயா, இல்லையா?

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன்.

என் பக்கத்தில் மைக் இருந்தது. “அக்கா, கையை விடு” என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அதற்கு முந்தைய சூட்டில் நீ தண்ணீர் கேட்டாய். நினைவிருக்கிறதா? “தண்ணி” என்ற வார்த்தை பாதி வாயிலேயே கொழகொழவென்று நின்றது. உதடு ஒரு பக்கம் மரத்திருக்கிறது என்றாய். டாக்டர் இலக்கைக் கொஞ்சம் நகர்த்தினார். கை நின்றால் போதும், இல்லையென்றால் இன்னும் சூடு என்றார். நீ கோப்பையைப் பிடித்தாய். முழங்கை ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் உன்னை மறுபடி உள்ளே தள்ளுவார்கள் என்பதும் தெரிந்தது. பேச்சு போன நோயாளிகளை இதே அறையில் பார்த்தவன் நான். அம்மா போனபிறகு என்னைத் திட்ட உன் வாய் ஒன்றுதானே இருக்கிறது. அது போனால் எனக்கு யார்? போதும், இதோடு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டு.

தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அழுதேன். அப்புறம் வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது.

அது என் கை. அது என் வாய். எதை விட்டு எதைக் காப்பாற்றுவது என்று முடிவு பண்ண நீ யார்? சட்டத்துக்குள் தலையைக் கொடுத்துப் படுத்திருந்தது நான். நிறுத்தச் சொல்லும் பொத்தானை என் கையில்தானே கொடுத்திருந்தார்கள்? நான் அழுத்தவில்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேனே. நீ சத்தமில்லாமல் எனக்காக அதை அழுத்திவிட்டாய். பாசமாம் பாசம்!

டாக்டரிடம் முழங்கை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “இதை முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?” என்றார். இன்னொரு தடவை செய்யலாமாம். இந்தத் தடவை ஒவ்வொரு சோதனைக்கும் நர்ஸ் என் முழங்கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். முதல் தடவையைவிட வாய்க்கு ஆபத்து அதிகம் என்றும் சொன்னார். யோசித்துத்தான் சரி சொன்னேன்.

மே பதினெட்டு. நீ அன்றைக்கு வேலையில் இருக்கக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமில்லை, அந்தக் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது. இதற்குப் பதில் எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

எழுதாதே என்றாய். இரண்டே வரி. அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன், என் நாற்காலியில் வேறொருவர் இருப்பார். கட்டடத்தைப் பற்றி மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

தம்பி

மே 18, மாலை

டேய்,

இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையிலிருந்து ஒருத்தர் வெளி பெஞ்சில் இருக்கிறார், காபிகூடக் குடிக்கவில்லை என்று இவள்தான் சொன்னாள். சோடாபுட்டிக் கண்ணாடியா என்று கேட்டேன். நான் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை மெதுவாகச் சொன்னேன், மூன்றாவது தடவை தலையாட்டினாள். என் பேச்சு இப்போது அப்படித்தான் இருக்கிறது. வலது பக்க உதடு மரக்கட்டை. போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். கடைசிச் சூட்டுக்கு முன் என்னைக் கேட்டார்கள். நான்தான் வைக்கச் சொன்னேன்.

நீ பயந்தது வீண் பயமில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொத்தான் என்னுடையது.

எழுத்தைப் பார்த்தாயா? படுக்கையில் சாய்ந்துகொண்டு, கையை அந்தரத்தில் நீட்டி எழுதுகிறேன். முழங்கை எதன்மேலும் ஒட்டவில்லை.

எழுந்து உள்ளே வா. என்னால் கத்திக் கூப்பிட முடியாது.

அக்கா