நான் வாசித்துக் காட்டிய ஆறு எண்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எதுவுமே தெரியாமல் நான்கு மாதம் ஓடிவிட்டது. ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இதை என்னால் ஃபோனில் சொல்ல முடியாது. பாதியிலேயே அழுது சமாளித்துவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன் மருமகள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். நான் திட்ட ஆரம்பித்தால் காது மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இப்ப திட்டும்மா, எவ்வளவு வேணா திட்டு" என்று சிரிக்கிறாள். உன் அத்தானும் அவள் கட்சிதான். எனக்கும் ஒரு மெஷின் வாங்கிக்கொடு, கழற்றி வைக்க வசதியாக இருக்கும் என்கிறார்.

சரி, சுற்றி வளைக்கவில்லை. நம் இணையதளத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

காது கேளாத குழந்தையை வளர்ப்பது பற்றி ஒன்பது வருடமாக நான் எழுதியதைப் படித்துவிட்டு எத்தனை தாய்மார்கள் எனக்கு எழுதினார்கள் என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் முகம் பார்க்காத அக்கா. அந்த அக்கா பெயரில்தான், "மெஷினெல்லாம் வேண்டாம், இந்தத் தைலத்தை நாலு சொட்டு காதில் விடுங்கள், ஒரு மாதத்தில் கேட்கும்" என்று ஒரு நாள் காலையில் முதல் பக்கத்தில் வந்தது. என் மின்னஞ்சலும் கைவிட்டுப் போயிருந்ததால், என் வாசகர் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அதுவே மின்னஞ்சலாகவும் போயிற்று. என்னால் உள்ளே நுழையவும் முடியவில்லை, அதை எழுதியது நானில்லை என்று சொல்லவும் வழியில்லை.

அன்றைக்கு உன் அத்தான் கேட்டது ஒரே கேள்விதான். "இதுக்குள்ள யார் யாரெல்லாம் போக முடியும்?" நானும் தம்பியும் என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவர் பக்கத்தில் நிற்கும்போதே உனக்கு ஃபோன் போட்டு, "ஊர் ஊராப் போய் கண்ட இடத்துல கம்ப்யூட்டரத் திறக்கிறவன் நீ. உன் வழியாத்தான் புகுந்திருக்கானுங்க" என்று கத்தினேன். "சரிக்கா, முதல்ல அத மூடறேன்" என்றாய். லீவு போட்டு மூன்று நாள் உட்கார்ந்து, தளத்தை மீட்டு, பழைய நகலை ஏற்றி, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினாய். கடைசியில் உன் பெயரை நீயே அதிலிருந்து எடுத்துவிட்டு, "இனிமே நான் அதுல வேண்டாம்க்கா" என்றாய். நான் தடுக்கவில்லை.

அதற்குப் பத்து நாள் முன்பு நடந்ததைக் கேள். பரிசோதனைக்காக உன் மருமகளோடு ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். எங்கள் டோக்கனைக் கூப்பிடும் நேரத்தில் ஃபோன் வந்தது. தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவர் சொன்னார். அவ்வளவு பணிவு. "மேடம், இன்னிக்குள்ள சரிபார்க்கலேன்னா உங்க பக்கமெல்லாம் அழிஞ்சிடும். ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அத மட்டும் படிங்க." ஆறு எண்கள். படித்தேன். கடவுச்சொல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வை என்று நீ படித்துப் படித்துச் சொன்ன பிறகும், துணி வாங்கும் தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் இதற்கும் நான் ஒன்றையேதான் வைத்திருந்தேன்; வேறெங்கோ திருடு போனதுதான் இங்கேயும் திறந்திருக்கிறது.

ஃபோனை வைத்ததுமே ஏமாந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. அப்போதே உன்னிடம் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அடைத்திருப்பாய். நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள் இப்படி ஏமாந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பத்து நாள் ஒன்றும் நடக்காமல் போகவே, தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தைலத்தை ஒரு அம்மா நம்பிவிட்டாள். லாரி ஓட்டுநரின் மனைவி. நான்கு வயதுப் பெண் குழந்தை, இடது காதில் மட்டும் கொஞ்சம் கேட்கும். அந்தக் காதில்தான் விட்டிருக்கிறாள்; உள்ளே புண்ணாகிவிட்டது. போன மாதம் நேரில் போய்ப் பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "நீங்க எழுதினதுன்னுதான்க்கா விட்டேன்" என்றாள். இப்போது புண் ஆறிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்ததில் பாதி போய்விட்டது, அது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். குழந்தை என் கைப்பை ஜிப்பைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும், இப்போது தளத்தைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரப் பெண்ணிடம் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவை அவள் திறந்து காட்டினாள். அந்த நாள், அந்த மணி, என் ஃபோனுக்கு எண் போனது, எல்லாம் அதில் இருந்தது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உங்க தம்பி இத அப்பவே பாத்துட்டாரு மேடம். மீட்ட முதல் நாளே இந்தப் பதிவ இறக்கி வச்சிருக்காரு" என்றாள்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மூன்று நாளும் என் ஏச்சை வாங்கிக்கொண்டு வேலை செய்திருக்கிறாய். அத்தான் முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்று பழியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ திருப்பிக் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்டா.

அத்தானிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "தம்பிக்கு எழுதினியா?" என்று மட்டும் கேட்டார். தளத்தின் முதல் பக்கத்திலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். படித்தவர்களில் பாதிப் பேர் விலகிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உன் பெயரை மறுபடியும் அதில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சம்மதம் கேட்டு உனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். என் பெயரில் வருகிறது என்பதற்காக அதை நம்பிவிடாதே. அனுப்பியது நான்தானா என்று ஃபோனில் ஒரு தடவை கேட்டுக்கொள். வேறெதுவும் பேச வேண்டாம், அதை மட்டும் கேட்டால் போதும். நாள் முழுக்க ஃபோன் என் கையிலேயேதான் இருக்கிறது.

நீ எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அக்கா