அப்பாவின் நெஞ்சில் கண்டுபிடித்தது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எத்தனை முறை அடித்தாலும் உன் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. நீ வேலை பார்க்கும் கோழிப் பண்ணைக்குத் தீவன லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே போகாமல் கேட்டிலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கீழே படித்தால் தெரியும். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்: அப்பா பிழைத்துவிட்டார்.

வெறும் காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு மூச்சு வாங்கி, ஐசியுவுக்குக் கொண்டுபோனோம். சளி, ரத்தம் என்று எதைப் பார்த்தாலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. ஒன்றுமில்லாதவர் ஏன் இப்படித் தவிக்கிறார் என்று கேட்டால் டாக்டரம்மா மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா எழுந்து எழுந்து நின்றாள்.

கடைசியில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "இதுவரைக்கும் தெரிஞ்ச கிருமியா பேர் சொல்லித் தேடினோம்மா. இப்போ நுரையீரல்ல இருந்து எடுத்த நீர்ல எது எது இருக்கோ, எல்லாத்தோட மரபணுவையும் படிச்சுப் பார்த்துடலாம்" என்றார். பிறகு முடிவு வந்தது.

பறவைகளுக்கு வரும் ஃப்ளூவாம். வழக்கமான பரிசோதனைக்குச் சிக்காத அளவு உருமாறியிருந்ததாம். அதற்குரிய மருந்து கொடுத்த பிறகுதான் அப்பா தேறினார். நேற்று மாஸ்க்கை விலக்கி, "என் நெஞ்சுல குடியிருக்கிறவங்களை எல்லாம் எண்ணிட்டீங்களாமே, வாடகையையும் வாங்கிக் குடுங்க" என்று டாக்டரம்மாவையே கேலி செய்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வீட்டில் கோழி உண்டா என்று என்னைக் கேட்டார். லீவுக்கு வந்தபோது நீ பண்ணையிலிருந்து கொண்டுவந்த இரண்டைப் பற்றிச் சொன்னேன். நீ கிளம்பிய பிறகு ஒன்று சுருண்டு செத்தது. அப்பாதான் வெறுங்கையால் எடுத்துப் புதைத்தார். கேட்டதும் டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சுகாதாரத் துறையிலிருந்து உன் பண்ணைக்கு ஆட்கள் வருவார்கள். முதலாளி எதையாவது மறைக்கச் சொன்னால் கேட்காதே.

கடைசியாகப் பேசியபோது நீ இருமிக்கொண்டே இருந்தாய். "தூசிதான்க்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாய். தூசியாகவே இருக்கட்டும். ஆனாலும் இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போ. கோழிப் பண்ணையில் வேலை என்று நீயே வாய்விட்டுச் சொல். சாதாரண டெஸ்ட் எடுத்து ஒன்றுமில்லை என்றால் திரும்பி வந்துவிடாதே. அப்பாவுக்கு என்ன வந்தது என்று சொல்லி அங்கேயே நில்.

உன்னால் வந்தது என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. கண் விழித்ததும் அப்பா கேட்டது உன்னைத்தான். தம்பி நன்றாக இருக்கிறான், காலையில்கூடப் பேசினான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதேடா, கண்ணு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அக்கா