பிள்ளைகள் கையால் ஓட்டிய ரயில்

இன்று காலை எங்கள் பாலர் பாடசாலையின் புதிய ரீச்சர், மழையைப் பற்றிய பாடத்துக்காகத் தன்னுடைய ரப்லெற்றில் ஓர் இடிமுழக்கத்தைப் போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு சின்னவள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். நான் பக்கத்தில் குந்தி, அவளுடைய விரலைப் பிடித்துத் திரையில் வைத்து, "இதிலை அமத்தினால் நிண்டிடும்" என்றேன். அமத்தினாள். நின்றது. அப்படிச் செய்யத் தோன்றியது உம்மால்தான். போன தையில் எங்களை விட்டுப் போன உமக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீர்வேலியில் நாங்கள் இருவரும் சேர்ந்து படிப்பித்த அந்த யுத்த வருடங்களில் கரண்ட் இல்லை. பற்றறி வரத் தடை. கொழும்பு ரயிலும் நின்றுபோயிருந்தது. 'பயணம்' என்ற தலைப்பை எடுத்து, ரயில் படத்தைக் காட்டி என்னவென்று கேட்டேன். "நீட்டு பஸ்" என்றான் ஒருவன். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட ரயிலைக் கண்டதில்லை.

"படம் மட்டும் காணாது. சத்தத்தையும் கேக்கவேணும்" என்றீர்.

கொழும்பு வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்த உம்முடைய அண்ணைக்குச் சொல்லி அனுப்பினீர். அவர் ஜன்னலோரம் வைத்துப் பதிந்த கசற் எத்தனையோ கை மாறி வந்து சேர்ந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேப் றெக்கோடருக்கு வயர் இழுத்து, கலியாண வீட்டுக்காரி போன்ற முகத்தோடு பெடலைச் சுற்றினீர்.

தூரத்தில் வரும் ரயிலின் இரைச்சல் மெல்ல எழும்பியது. "பொம்மர்! பொம்மர்!" என்று யாரோ கத்த, வகுப்பு முழுவதும் முற்றத்துப் பங்கர் குழிக்குள் பாய்ந்துவிட்டது. குண்டு போடும் விமானம் வந்தால் அப்படி ஓடத்தானே நாங்களும் பழக்கியிருந்தோம். கூப்பிட்டும் ஒருவரும் வெளியே வரவில்லை. எல்லாரிலும் சின்னவளான சுகந்தி உடுப்பை நனைத்துவிட்டு விக்கி விக்கி அழுதாள்.

"உதை இனிப் போடாதேயும். பிள்ளையள் பாவம்" என்றேன். நீர் வயரைச் சுருட்டினீர்.

அடுத்த நாள் திரும்பவும் சைக்கிளில் வயரைப் பூட்டினீர். எனக்குச் சரியான கோபம். ஆனால் நீர் பெடலைத் தொடவேயில்லை. சுகந்தியைக் கூப்பிட்டு, "நீ சுத்து மோனை. நீ கையை விட்டால் சத்தமும் நிண்டிடும்" என்றீர். அவள் அரைவாசி சுற்றினாள். ரயில் நோய்ப்பட்ட மாடு போல முனகியது. கையை எடுத்தாள், அடங்கியது. இன்னொருதரம் சுற்றினாள், எடுத்தாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாளே: "ரீச்சர், இது என்ரை சொல்லுக் கேக்குது!"

அன்று எல்லாருக்கும் ரயில் ஓட்டவேண்டும். மத்தியானம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, "கூ" என்று முற்றம் முழுக்க ஓடினார்கள்.

அந்தக் கிழமை முடியமுன் உண்மையான விமானம் வந்தது. பங்கருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். சுகந்தி வெறுங்கையைச் சுற்றினாள். பிறகு நிறுத்தினாள். இரைச்சல் நிற்கவில்லை.

"நான் கையை விட்டிட்டன் ரீச்சர். ஏன் நிக்கேல்லை?"

நீர் அவளை மடியில் இழுத்து வைத்தீர். "உது எங்கடை கையிலை இல்லை மோனை. எங்கடை ரயில்தான் எங்கடை கையிலை. ஓட்டுவமே?"

"ஓம்."

முதல் "கூ" உம்முடையது. சுகந்தி சேர்ந்தாள், மற்றவர்கள் சேர்ந்தார்கள், கடைசியில் நானும் சேர்ந்தேன். விமானம் எப்போது போனதென்று ஒருவரும் கவனிக்கவில்லை.

உம்முடைய செத்தவீட்டுக்குச் சுகந்தி கொழும்பிலிருந்து மகளோடு ரயிலில் வந்தாள். "வழி முழுக்க இவள் கண் மூடேல்லை ரீச்சர், ஜன்னலாலை பாத்துக்கொண்டே வந்தவள்" என்றாள். அழுகைக்கு நடுவில் இருவரும் சிரித்துவிட்டோம்.

நான் இன்னும் படிப்பிக்கிறேன். பிள்ளை பயப்படும் எதையும் முதலில் அதன் கையிலேயே கொடுத்துப் பார்க்கிறேன். கொடுக்க முடியாத பயமென்றால், பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அதோடு சேர்ந்து நானும் சத்தம் போடுகிறேன்.