ஆயிரத்தெட்டு மீன்

ரொறன்ரோ
07.01.2024

அன்புள்ள தங்கச்சி மீனலோசனிக்கு,

இங்கே பனி முழங்கால் அளவு. நானும் உன் மச்சாளும் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ தோட்டம், கிணறு என்று ஓடித்திரிவாய் என்று தெரியும். ஓடு, ஆனால் விழாதே.

போனில் சொல்லியிருக்கலாம். அம்மாளுக்கு வைத்த நேர்த்திக்கடனை வாயால் மட்டும் சொல்லக்கூடாது, எழுதிப் போடுங்கோ என்று மச்சாள் சொன்னதால் பேனையை எடுத்தேன்.

எங்கள் மகள் லோஜனாவின் பிள்ளை ஆரணிக்கு இருதயத்தில் ஒப்பரேசன் நடந்த அன்று, ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடி நம்முடைய குளத்தடி அம்மனைத்தான் கூப்பிட்டேன். "பிள்ளை பிழைச்சால் உன்ர குளத்தில ஆயிரத்தெட்டு மீன் விடுறன், தாயே" என்று கேட்டேன். பிழைத்துவிட்டாள். நேற்று இடியப்பம் கேட்டுச் சண்டை பிடித்தாள்.

வன்னியில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையோடு கதைத்துவிட்டேன். திலாப்பியாக் குஞ்சுகள். கெதியாய்ப் பெருகுமாம், எந்தத் தண்ணீரிலும் கிடக்குமாம். பங்குனி உத்தரத் தீர்த்தத்தன்று லொறி வரும். கோயில் தலைவர் நடராசா திருவிழா நோட்டீசில் என் பெயரைப் போடுகிறார். எனக்கு வர ஏலாது, முழங்கால் விடாது. நீ முன்னுக்கு நின்று உன் கையால் விடு. படம் எடுத்து அனுப்பு.

உன் அண்ணன்
பாலசிங்கம்


புளியங்கூடல்
02.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மாட்டேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நடுவிலே வைத்த அன்பையெல்லாம் நடிப்பு என்பீர்கள்.

ஆரணியின் செய்தி வாசித்துக் குசினி அடுப்புக்கு முன்னால் இருந்து அழுதேன். அன்றைக்கே அம்மாளுக்குப் பொங்கிப் படைத்தேன். பிள்ளையின் விசயத்தில் உங்களுக்கும் எனக்கும் இரண்டு மனம் இல்லை. மீன் விசயத்தில்தான் இரண்டு மனம்.

பக்கத்து ஊர்க் குளத்தில் அபிவிருத்தி என்று சொல்லி இதே திலாப்பியாவை விட்டார்கள். மூன்று மாரி போனது. அடியெல்லாம் வட்டம் வட்டமாகக் கிண்டிக் கூடு கட்டுகின்றன. மற்ற மீனின் முட்டையைத் தின்கின்றன. குளம் முழுக்கத் தேத்தண்ணி நிறம். அங்கே கெண்டையும் இல்லை, அயிரையும் இல்லை. உங்கள் மீன் எந்தத் தண்ணீரிலும் கிடக்கும் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயமே அதுதான்.

நம்முடைய குளம் படுகிற பாடு ஏற்கெனவே போதும். வெங்காயத்துக்கு மருந்தடித்த தாங்கியை அதிலேதான் கொண்டுவந்து கழுவுகிறார்கள். இரண்டு பேரோடு சண்டை பிடித்துவிட்டேன், இன்னும் பிடிப்பேன். கோடையில் பவுசர்காரர் தண்ணீர்த் தாங்கி லொறியோடு வந்து உறிஞ்சுகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்தக் குளத்தில் விரால் இருக்கிறது. இது தீவு, அண்ணை. நாலு பக்கமும் உப்பு. குளத்து மீன் கடலால் நீந்தி வேறு ஊருக்குப் பிழைக்கப் போகாது. நாங்கள் போனோம், அதற்கு ஏலாது. இங்கே செத்தால் செத்ததுதான்.

நேர்த்தியை மாற்றுங்கள். அன்னதானம் கொடுங்கள், நானே நின்று சமைக்கிறேன்.

இதற்குப் பதிலைப் போனில் சொல்லவேண்டாம். போனில் என்னைப் பேசவிடமாட்டீர்கள். கடிதத்தில் நான் முடிக்கும் வரைக்கும் நீங்கள் இருக்கத்தான் வேண்டும்.

உங்கள் தங்கச்சி
மீனலோசனி


ரொறன்ரோ
04.03.2024

மீனலோசனிக்கு,

பெரியப்பாவின் மகன் குணரத்தினம் அண்ணை முந்தாநாள் காலமானதாக நடராசா சொன்னார். கவலை. செத்த வீட்டுக்குப் போயிருப்பாய். என் பெயரிலும் ஒரு மாலை போட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நேர்த்தியை மாற்றட்டாம். அது என்ன, கடைச் சாமானா, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்து வேறு எடுக்க? மீன் என்று வாயால் சொன்னேன், மீன்தான் விடவேண்டும். எனக்கும் அம்மாளுக்கும் நடுவில் நிற்க நீ யார்?

நான் கோபுரத்துக்குக் கொடுத்தவன். குளத்துக்குப் படி கட்டிக் கொடுத்தவன். நீ அந்தப் படியில் கால் கழுவுகிறவள். நீ விடாவிட்டால் போ. நடராசாவே விடுவார். லொறி வரும். நீ வீட்டில் இரு.

பாலசிங்கம்


புளியங்கூடல்
27.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நடராசா அண்ணை போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் பாதி சரியாக இருக்கும். முழுவதையும் நான் சொல்லுகிறேன்.

குணரத்தினம் அண்ணைக்கு உங்கள் பெயரில் மாலை போட்டேன். அதை வைத்துக்கொண்டு மற்றதை வாசியுங்கள்.

வீட்டில் இருக்கவில்லை. தீர்த்தத்தன்று விடியவே குளத்துப் படிக்குப் போய் நின்றேன். நீங்கள் கட்டிய படிதான், நல்ல படி. சுவாமி வருவதற்கு முதல் லொறி வந்தது. பின்னுக்கு நீலப் பீப்பாக்கள், காற்றடிக்கும் குழாயோடு. நான் முதலில் மீனைப் பற்றித்தான் சொன்னேன். பக்கத்து ஊர்க் குளத்தைப் போய்ப் பாருங்கோ என்று கெஞ்சினேன். ஒருவர் சிரித்தார். நடராசா அண்ணை, "மீனுக்கு மீன்தானே பிள்ளை, இதில என்ன சாதி பாக்கிறது? நேர்த்தியை மறிக்கிறீரோ?" என்று கேட்டார்.

"ஓம், மறிக்கிறன்" என்றேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார்.

அப்போதுதான் ஐயரைக் கூப்பிட்டேன். எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டேன்: "ஐயா, செத்தவீட்டுத் துடக்குக்காரரின்ர பேரில நேர்த்திக்குச் சங்கற்பம் செய்யலாமோ?" ஐயர், "அதெப்படி அம்மா முடியும்?" என்றார். "அப்ப இவை ஆரின்ர பேரில விடுகினம் எண்டு கேளுங்கோ. பாலசிங்கம். போன குணரத்தினத்துக்குச் சிறியதகப்பன்ர மகன். செத்து முப்பத்தொண்டு நாள் இன்னும் கழியேல்லை" என்றேன்.

அண்ணை, ஆளாளுக்கு நோட்டீசைத் திருப்பிப் பார்த்தார்கள். ஊர் முழுக்கச் செத்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது, நோட்டீசில் உங்கள் பெயரையும் வாசித்திருக்கிறது, ஒருவருக்கும் அது மூளையில் ஓடவில்லை. துடக்கு விமானத்தில் ஏறிக் கனடாவுக்கு வராது என்று நினைத்துவிட்டார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். மாலைக்கு அண்ணன் தம்பி, நேர்த்திக்கு அந்நியமோ? எனக்கும் அதே துடக்குத்தான், அதனால்தான் தண்ணீரில் கால் வைக்காமல் மேல்படியிலேயே நின்றேன்.

ஐயர் சங்கற்பம் செய்யமாட்டேன் என்றுவிட்டார். லொறி திரும்பிப் போனது. மீனுக்காகச் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை, துடக்கு என்றவுடன் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அதில் வெட்கமில்லை. எந்தத் தடி கையில் கிடைத்ததோ அதை எடுத்தேன்.

நீங்கள் கோபத்தில் இருப்பீர்கள். இருங்கள். ஆரணிக்கு ஒரு முத்தம்.

மீனலோசனி


ரொறன்ரோ
20.06.2024

மீனலோசனிக்கு,

ஆரணிக்குத் திரும்பவும் காய்ச்சல். போன கிழமை ஆஸ்பத்திரிப் படுக்கையில் மறித்து வைத்துவிட்டார்கள். இருதயத்தில் கிருமி என்று சொல்லுகிறார்கள். லோஜனா அங்கேயே படுத்து எழும்புகிறாள்.

வைத்த நேர்த்தி செலுத்தாமல் நிற்கிறது. யாரால் நிற்கிறது என்று ஊருக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உன் விராலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரு.

இனி எழுதாதே. எனக்குத் தங்கச்சி இல்லை.

பாலசிங்கம்


புளியங்கூடல்
08.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். தங்கச்சி இல்லை என்று நீங்கள் எழுதினால் நான் இல்லாமல் போக ஏலுமோ?

உங்கள் கடிதம் வந்த நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயந்தேன், அண்ணை. கோயிலுக்குப் போய், "பிழையென்றால் என்னில வை, பிள்ளையில வையாதே" என்று அம்மாளோடு வழக்குப் பேசினேன். ஒரு நாள் அந்தப் பண்ணைக்குப் போன் எடுக்கவும் கை போனது. எடுக்கவில்லை. ஒரு பிள்ளை பிழைக்கத் தன்னுடைய குளத்தைச் சாகக்கொடு என்று கேட்கிற தாய் இல்லை அவ. அப்படி நம்பித்தான் இருந்தேன். பிறகு லோஜனாவோடு கதைத்தேன். ஆரணி வீட்டுக்கு வந்துவிட்டாளாம், மருந்து மட்டும் தொடருகிறதாம். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இந்தக் கோடை பொல்லாத கோடை. குளம் வற்றி நடுவில் ஒரு முற்றமளவு தண்ணீர்தான் மிச்சம். விரால் எல்லாம் அதற்குள் வந்து நெருங்கி, மூச்செடுக்க மேலே வந்து வந்து போயின. கொக்குக்கு விருந்து. போன சனிக்கிழமை றஜீபன் என்ற பவுசர்காரன் பவுசரையும் தண்ணீர் இறைக்கிற பம்பையும் கொண்டுவந்து குழாயைப் போட்டான். நான் போய்க் குழாயின் மேல் இருந்தேன்.

"எழும்புங்கோ அக்கா, சனம் தண்ணியில்லாமல் கிடக்குது."

"சனத்துக்கு எண்டால் என்ர கிணத்தில இறை, தம்பி. நீ கட்டிடக்காரருக்குக் குடுக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்."

வெயில் ஏறும் வரைக்கும் அவனும் நின்றான், நானும் இருந்தேன். கடைசியில் அவன் குழாயைச் சுருட்டினான், "இண்டைக்கு நீங்கள் இருக்கிறியள், நாளைக்கு ஆர் இருப்பினம்?" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு நாளும் என்னால் குழாயில் இருக்க ஏலாது.

அதனால் ஊர்காவற்றுறையிலிருந்து மாக்கிறேற்றைக் கூப்பிட்டேன். என்னோடு படித்தவ, கடற்கரைக்காரி, வலை போடத் தெரிந்தவ. இரண்டு பேருமாகச் சேற்றில் இடுப்பளவுக்கு இறங்கி விராலைப் பிடித்தோம். பிடித்ததை ஈரச் சாக்கால் மூடி வாளி வாளியாகத் தூக்கினோம். கெண்டையும் அயிரையும் அகப்பட்டதெல்லாம் வேறு வாளியில் என்னுடைய தொட்டிக்கு. விராலைத் தொட்டியில் விட ஏலாது, பாய்ந்துவிடும். என் கிணறு சின்னது. குளத்துக்குப் பக்கத்தில் வற்றாத பெரிய கிணறு ஒன்றுதான் இருக்கிறது.

உங்களுடையது.

ஓம், அண்ணை. உங்கள் நாவலடிக் காணியின் கேற்றைத் திறந்தேன். பூட்டின் திறப்பு என்னிடம்தானே தந்தீர்கள். உங்கள் கிணற்றில் உங்களைக் கேட்காமல் விராலை விட்டிருக்கிறேன். மேலே வலை கட்டியிருக்கிறேன். வழக்குப் போடுவதென்றால் போடுங்கள், ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குப் பஸ் இருக்கிறது. ஆனால் உங்கள் கிணறு ஏன் இந்தக் கோடையிலும் நன்னீராக இருக்கிறது என்று ஒருக்கா யோசியுங்கள். குளம் இருப்பதால்தான்.

மாரி வந்ததும் இவற்றைத் திரும்பக் குளத்தில் இறக்கவேண்டும். அம்மாளின் குளத்தில் மீன் விட நேர்த்தி வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது அவருடைய கிணற்றிலேயே மீன் கிடக்கிறது. துடக்கும் கழிந்துவிட்டது. வந்து அவரே கையால் விடட்டும். நான் வாளி பிடிக்கிறேன்.

உங்கள் தங்கச்சி
மீனலோசனி


புளியங்கூடல்
01.12.2024

அன்புள்ள அண்ணைக்கு,

பதில் வரவில்லை. வரும் என்று ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்தேன், அவர் பாவம், என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார்.

மழை உங்களைப்போல இல்லை, வந்துவிட்டது. போன கிழமை அடித்த மழையில் குளம் உங்கள் மேல்படி வரைக்கும் நிறைந்து நிற்கிறது. தவளைச் சத்தத்தில் நித்திரை இல்லை. இனியும் கிணற்றில் வைத்திருந்தால் விரால் ஒன்றையொன்று தின்னும். உங்கள் கோபம் ஆறும் வரைக்கும் மீனுக்குப் பொறுக்க ஏலாது. எனவே நேற்று நானும் மாக்கிறேற்றும் வலையால் அள்ளி, வாளியில் கொண்டுபோய்க் குளத்தில் இறக்கிவிட்டோம். கெண்டையும் அயிரையும் அதற்கு முதல் நாளே போய்விட்டன. சங்கற்பம் ஒன்றும் செய்யவில்லை. குளத்து மீன் குளத்துக்குப் போனது, அவ்வளவுதான். நடராசா அண்ணையும் வந்தார். அவரும் ஒரு வாளி தூக்கினார்.

இரண்டை மட்டும் விட்டிருக்கிறேன். பெரிய விரால் இரண்டு, எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும். சோடி என்று மாக்கிறேற் சத்தியம் செய்கிறா. அவை உங்கள் கிணற்றில் இருக்கும். நான் தொடமாட்டேன், ஒருவரையும் தொடவிடமாட்டேன். அது உங்கள் நேர்த்தி.

ஆயிரத்தெட்டுக்கு இரண்டு எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். விரால் குஞ்சு பொரித்தால் எப்படி என்று உங்களுக்கு மறந்திருக்காது. தண்ணீருக்கு மேல் சிவப்பாக ஒரு பாய் விரித்ததுபோலக் குஞ்சுகள் வரும், கீழே தாயும் தகப்பனும் காவல். ஒரு கூட்டத்திலேயே ஆயிரத்தெட்டு இருக்கும். நீங்கள் சோடியை இறக்குங்கள். எண்ணுகிற வேலை அம்மாளுக்கு.

வராவிட்டாலும் நான் மாறப்போவதில்லை. அடுத்த கோடையிலும் குழாயில் இருப்பேன். அடுத்த லொறியையும் மறிப்பேன். உங்கள் பெயரோடு வந்தாலும் மறிப்பேன். ஆனால் நீங்கள் வந்தால் நல்லாயிருக்கும், அண்ணை. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே.

மீனலோசனி


ரொறன்ரோ
26.12.2024

மீனலோசனிக்கு,

உன்னுடைய இரண்டு கடிதமும் கிடைத்தன. கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று ஊரில் சொல்லித் திரியாதே.

என்னைக் கேட்காமல் என் கிணற்றில் மீன் விட்டது பிழை. என்னைக் கேட்காமல் எடுத்தது அதைவிடப் பிழை. மிச்சம் இருக்கிற சோடியில் கை வைக்காதே. வலையை இறுக்கிக் கட்டு, மூலையில் தொய்ந்தால் விரால் பாயும். கேற்றைப் பூட்டி வை. அந்தப் பவுசர்க்காரன் என் கிணற்றுப் பக்கம் வந்தால் என் பெயரைச் சொல்லித் துரத்து.

லோஜனா உன் கடிதத்தை ஆரணிக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். அது பெரிய பிழை. "தாத்தாவின்ர மீன் என்ன சாப்பிடும்?" என்று காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு அரியண்டம். டொக்டர் விமானத்தில் போகலாம் என்று சொல்லிவிட்டார். பங்குனி உத்தரத்துக்கு நாலு பேருமாக வருகிறோம். முழங்காலுக்கு ஊசி போடுகிறேன். படியில் பாசி பிடித்திருந்தால் தேய்த்து வை. உனக்காக அல்ல, பிள்ளை வழுக்கி விழக்கூடாது. நம் பக்கத்தில் ஒருவரையும் அதற்கு முதல் சாகவேண்டாம் என்று சொல்லு.

அந்தப் பண்ணைக்காரன் போன கிழமை போன் எடுத்தான். வாற திருவிழாவுக்கு லொறி அனுப்பவோ என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி, எனக்கு ஊரில மீன் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்
பாலசிங்கம்